பங்கசினானின் நீண்ட இமைகள்

"நானாய், பெட்டியைத் திறங்க."

அம்மாவிடம் நான் சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய சிநேகிதி டீட்டா சாரிங் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். அம்மாவின் கையில் சுற்றிக்கொண்டிருந்த டேப் சுருள் பாதியில் நின்றது.

எங்கள் வீட்டில் கடவுள் இல்லை என்று சொல்லலாம். பன்றிக்கறி பிடிக்காது என்று சொல்லலாம். கல்யாணத்தில் விருப்பமில்லை என்று ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் அறிவித்துவிட்டு உயிரோடுகூட இருக்கலாம், நான் இருக்கிறேன். அமெரிக்காவிலிருந்து எங்கள் சொந்த ஊர் பங்கசினானுக்குப் போகும் பெட்டியைத் திறக்கச் சொல்ல மட்டும் கூடாது. உள்ளே என்ன என்று கேட்கவும் கூடாது. சின்ன வயதில் அதற்குள்ளிருந்த சாக்லேட் பையை நகத்தால் கீறிப் பார்த்தேன். அம்மா என்னை அடிக்கவில்லை. பங்கசினானுக்குப் போன் போட்டு, கண்ணால்கூடப் பார்த்திராத மாமா மகள் ஜோவெல்லிடம் மன்னிப்புக் கேட்கவைத்தாள். அடித்திருக்கலாம்.

பிப்ரவரியிலிருந்து அந்தப் பெட்டி எங்கள் வரவேற்பறையில் நிற்கிறது. என் நெஞ்சு உயரம். நான் வரும் வாரக்கடைசிகளில் அதன் மேல் ரொட்டித் தட்டு வைத்துக் காலை உணவு சாப்பிட்டிருக்கிறோம். டப்பா மாட்டிறைச்சி, சோப்பு, துண்டு, காபிப்பொடி, யாருக்கோ அளவெடுத்த ஓட்டக் காலணி என்று கொஞ்சம் கொஞ்சமாக அதன் வயிறு நிரம்பியது. இன்று சனிக்கிழமை. சாயங்காலம் கப்பல் கம்பெனி ஆள் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

"எர்மலின்," என்றாள் அம்மா, ரொம்ப மெதுவாக. அது அவளுடைய அபாயக் குரல். "நீ படிச்சவ. பசியா இருக்கும். அடுப்புல பான்சித் நூடுல்ஸ் இருக்கு, போய்ச் சாப்பிடு."

"சாப்பிட்டுட்டேன். உங்க கண் மருந்து எங்க?"

"பாத்ரூம்ல."

"பாத்ரூம்ல ஒரே ஒரு பாட்டில் இருக்கு. மூடி முத்திரைகூட உடையல. மத்ததெல்லாம் எங்க?"

அம்மா சாரிங்கைப் பார்த்தாள். சாரிங் சுவரில் தொங்கிய என் பட்டமளிப்புப் படத்தைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் கடைசி இராவுணவுப் படம் இருக்கிறது. என் படம் அதைவிடப் பெரியது. எங்கள் குடும்பத்தில் கல்லூரியை முடித்த முதல் ஆள் நான். பொதுச் சுகாதாரம் படித்தேன். அம்மா அதை எல்லோரிடமும் "கிட்டத்தட்ட நர்ஸ்" என்று சொல்கிறாள்.

இந்தச் சண்டை செவ்வாய்க்கிழமை கண் மருத்துவமனையில் தொடங்கியது.

அங்கே ஒரு இருட்டறையில் அம்மாவின் முகத்தை ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் வைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். ஓரத்தில் வெளிச்சப் புள்ளி தெரியும்போது அழுத்த வேண்டும். அவ்வளவுதான். பரிசோதனை செய்த பெண் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து என்னிடம் கிசுகிசுத்தாள்: "உங்க அம்மா வராத வெளிச்சத்துக்கெல்லாம் அழுத்துறாங்க."

அம்மாவிடம் கேட்டேன்.

"பாவம், அந்தப் பொண்ணு எனக்காக இருட்டுல நின்னுக்கிட்டிருக்கா. நான் பாட்டுக்குச் சும்மா உக்காந்திருந்தா அவளுக்கு வருத்தமா இருக்காதா?"

"நானாய், அது பரிசோதனை. அவளைச் சந்தோஷப்படுத்துற விளையாட்டில்ல."

இரண்டாம் முறை ஒழுங்காக அழுத்தினாள். காகிதத்தில் வந்த படத்தில் இடது பக்கம் கறுப்பாக இருந்தது, யாரோ மை கொட்டியதுபோல.

மருத்துவர் பிரென்னன் கண்ணின் அழுத்தத்தை அளந்தார். உதட்டைப் பிதுக்கினார். "தினமும் ராத்திரி சொட்டு மருந்து போடுறீங்களா?"

"யெஸ் டாக்டர்."

"ஒரு நாள்கூட விடாம?"

"யெஸ் டாக்டர்."

"இல்ல, நடுவுல மறந்துபோறது உண்டா?"

"யெஸ் டாக்டர்."

பிரென்னன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் டாக்டரிடம் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அது மரியாதை. அந்த மரியாதையால் எத்தனை பேருக்குக் கண் போயிருக்கிறது என்று நான் தேவாலயக் கூடங்களில் படம் போட்டுக் காட்டிச் சம்பளம் வாங்குகிறேன். எங்கள் வல்லேஹோ நகரில் உள்ள எல்லா டீட்டாக்களும் டீட்டோக்களும், எல்லா அத்தைகளும் மாமாக்களும், என் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கண் அழுத்த நோய் வலிக்காது. ஓரத்திலிருந்து தின்னும். போன பார்வை திரும்பாது. கூடப் பிறந்தவருக்கு இருந்தால் உடனே நீங்களும் போய்க் காட்டுங்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். அம்மா எனக்காக நாற்காலி எடுத்துப் போடுவாள், கடைசியில் லும்பியா சுருள் பொரித்துப் பரிமாறுவாள்.

பிரென்னன் விளக்கை அம்மாவின் முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். "ஒரு விஷயம் ஆச்சரியமா இருக்கு. இந்த மருந்து போட்டா இமை முடி நீளமா, கறுப்பா வளரும். கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகப்போகுது. உங்களுக்கு அப்படி எதுவுமே ஆகலையே?"

அம்மாவின் இமைகள் தேய்ந்த பல் துலக்கிபோல இருந்தன. அவள் அசரவில்லை.

"எங்க குடும்பத்துல இமை வளராது டாக்டர். பரம்பரை."

மருந்து வேலை செய்யவில்லை என்று பிரென்னன் முடிவு கட்டினார். அடுத்த மாதம் இடது கண்ணில் அறுவை சிகிச்சை. போனதை மீட்க முடியாது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். அம்மா "தாங்க்யூ டாக்டர்" என்று சொல்லி, கைப்பையிலிருந்து அலுமினியத் தாளில் சுற்றிய லும்பியாவை எடுத்து அவர் மேசைமேல் வைத்தாள்.

முதியோர் இல்லங்களில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவள் அவள். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளிக்கும் கிழவர்களை வாயைத் திறக்கவைத்து விரல்விட்டுத் தேடியவள். நோயாளிகள் செய்யும் எல்லாத் திருட்டுத்தனமும் அவளுக்குத் தெரியும். நான் அதை மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

மறுநாள் போனில் குடும்பக் குழுவுக்கு ஜோவெல்லின் படம் வந்தது. மே மாதத் தேவாலய ஊர்வலத்தில் அவளுக்குத்தான் ராணி எலெனா வேடம். வெள்ளை கவுன், தலையில் கிரீடம், மேலே பூப்பந்தல். அதெல்லாம் சரி. அவள் இமைகள்! கண்ணைத் திறந்து மூடினால் பக்கத்தில் நிற்பவனுக்குக் காற்று வரும். ஒட்டியதாக இருக்கும் என்று நினைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒட்டியதில்லை. பின்னால் வந்த ராணிகளையும் பெரிதாக்கினேன். தெருவே இமையாக இருந்தது.

பிரென்னன் சொன்னது அப்போதுதான் மண்டையில் இறங்கியது.

அதனால்தான் இன்று பெட்டியைத் திறக்கச் சொன்னேன்.

"அதுல மருந்து கிருந்து ஒண்ணும் இல்ல," என்றாள் அம்மா. "டப்பாவும் துண்டும்தான். இல்ல சாரிங்?"

"டப்பாவும் துண்டும்தான்," என்றார் டீட்டா சாரிங்.

"டீட்டா, எந்தப் பக்கம் இருக்கு?"

"எனக்கெப்படித் தெரியும் அனாக், மகளே?"

டீட்டா சாரிங் வாய் கூசாமல் பொய் சொல்லக்கூடியவர். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை, உதட்டை நீட்டித்தான் காட்டுவோம். எங்கே என்று கேட்டால் உதடு தானாகப் போகும். சாரிங்கின் உதடு குவிந்து, பெட்டியின் வலது கீழ்மூலையை நோக்கி நீண்டது. உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் சமையலறைக்குப் போய் ரொட்டி வெட்டும் கத்தியை எடுத்து வந்தேன்.

"தொடாதே!" அம்மா பெட்டிக்கு முன்னால் கையை விரித்து நின்றாள். "நீ தொட்டா எல்லாம் கலைஞ்சிடும். உனக்கு மடிக்கத் தெரியாது. கொடு இங்க."

அவளே வெட்டினாள். அத்தனை டேப்பையும் கொலை செய்வதுபோலக் கிழித்தாள். துண்டுகளை எடுத்து சோபாவில் அடுக்கினாள், டப்பாக்களைத் தரையில் வரிசையாக வைத்தாள். அடியில் ஒரு பால்பொடி ஜாடி. அதற்குள் ஒரு ஜோடி சாக்ஸ். சாக்ஸுக்குள் அவள் பெயர் ஒட்டிய சொட்டு மருந்துப் புட்டிகள், கோழிக் குஞ்சுகள்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

"போன பெட்டியிலயும் போச்சா?"

அம்மா சாக்ஸின் வாயை இழுத்து மூடினாள்.

"நானாய், போன பெட்டியிலயும் போச்சா?"

"ஃபௌஸ்தோவுக்கும் இதே வியாதி," என்றாள் அம்மா. ஃபௌஸ்தோ அவளுடைய தம்பி. "அங்க டகுபன் டவுன்ல டாக்டர் சொல்லிட்டாரு. அவனுக்கு யாரு இருக்கா? எனக்கு ஆபரேஷன் பண்ண ஆள் இருக்கு, லும்பியா கொடுத்தாப் போதும். அங்க கிடைக்கிற மருந்து எப்படி இருக்குமோ. இது அமெரிக்க மருந்து."

"இதே மருந்து அங்கயும் கடையில இருக்கு. அவரு டாக்டர்கிட்டப் போனா எழுதிக் கொடுப்பாங்க."

"நீ பேசாத. உனக்கு என்ன தெரியும்?" அவள் குரல் முதல் முறையாக உடைந்தது. "நான் விமானம் ஏறினேன், அவன் ஏறல. ஒருத்தர் இருக்கணும்னான், இருந்துட்டான். எங்க அப்பாவையும் அம்மாவையும் சாகற வரைக்கும் தூக்கிக் குளிப்பாட்டினது அவன். அந்த நேரத்துல நான் இங்க யாரோ ஒருத்தரோட அப்பாவைக் குளிப்பாட்டிக்கிட்டிருந்தேன்."

என் கோபம் ஒரு நிமிடம் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றது. பிறகு மறுபடி இடம் கண்டுபிடித்தது.

"சரி. அவரு அதைப் போடுறாரா?"

"என்ன கேள்வி இது?"

"கேட்டீங்களா, போடுறியான்னு?"

"கொடுத்ததைப் பயன்படுத்துறியான்னு யாராவது கேப்பாங்களா? அசிங்கம்."

"நான் கேக்கறேன். எனக்கு அசிங்கமெல்லாம் பழக்கம்."

அங்கே ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. சேவல் சண்டை நாள், அதனால் மாமா, டியோ ஃபௌஸ்தோ, விழித்திருப்பார். போனில் அவர் முகம் வந்தது. அக்குளில் ஒரு சிவப்புச் சேவல். அம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மனாங்! அக்கா! பெட்டி கிளம்பிடுச்சா? காலணி வச்சியா?"

"வச்சேன், வச்சேன். நல்லா இருக்கியா? சாப்பிட்டியா?"

நான் போனைப் பிடுங்கினேன். "டியோ, எங்கம்மா அனுப்புற கண் மருந்தைப் போடுறீங்களா?"

சேவல் என்னைப் பார்த்தது. டியோ பார்க்கவில்லை.

"போடாம? தினமும்."

பின்னாலிருந்து ஒரு குரல் என்னை அக்கா முறையில் கூப்பிட்டது: "பொய்! பொய் ஆத்தே, அவரு போடறதில்ல!"

ஜோவெல் திரைக்குள் வந்தாள், தலையில் துண்டு சுற்றி, கையில் பல் துலக்கியோடு. தூங்கி எழுந்த முகத்தில்கூட அந்த இமைகள் ஊர்வலத்துக்குத் தயாராக இருந்தன.

"முதல்ல போட்டாரு ஆத்தே. ஒரு கண்ணுல மட்டும். இன்னொண்ணு நல்லாத்தான் தெரியுது, எதுக்கு மனாங்கோட மருந்தை வீணாக்கணும்னு. மூணு மாசத்துல அந்த ஒரு கண்ணுல மட்டும் இமை இப்படி..." கையால் தென்னங்கீற்று ஒன்றைக் காற்றில் வரைந்தாள். "ஒரு பக்கம் பாத்தா மணப்பொண்ணு, இன்னொரு பக்கம் பாத்தா ஆடு. சேவல் களத்துல எல்லாரும் அவருக்கு ஃபௌஸ்தினான்னு பொம்பளப் பேரு வச்சுட்டாங்க. எவனோ ஒருத்தன் ரோஜாப்பூ கொண்டாந்து கொடுத்தான்."

"வாயை மூடு!" என்றார் டியோ.

"கத்தரிக்கோலால வெட்டிப் பாத்தாரு ஆத்தே. அது மறுபடி வளருது. அப்புறம் விட்டுட்டாரு. நான் எடுத்துக்கிட்டேன். கீழே போடறதுக்கு மனசு வரல, அமெரிக்க மருந்தாச்சே. பஞ்சுல தொட்டு இமையில தடவிக்குவேன். அப்புறம் என் சிநேகிதிங்களும் கேட்டாங்க..."

"ஊர்வலத்துல வந்த எல்லா ராணியும்?"

"ராணி எஸ்தர் மட்டும் இல்ல. அவளுக்குப் பிறவியிலயே நல்லா இருக்கும்."

என் அம்மாவின் இடது கண் பங்கசினானின் ஒரு தெருவில் கிரீடம் வைத்துக்கொண்டு நடந்து போயிருக்கிறது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. திரும்பினால் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமே வராத சிரிப்பு. தோள் குலுங்கியது, சோபாவில் அடுக்கிய துண்டுகள்மேல் சாய்ந்து விழுந்தாள். "ஃபௌஸ்தினா," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு மறுபடி குலுங்கினாள். டீட்டா சாரிங் வெட்கம்விட்டு ஊளையிட்டார்.

நான் சிரிக்கவில்லை. "டியோ, அந்தக் கண்ணு இப்ப எப்படி இருக்கு?"

அவர் சேவலின் கழுத்தைத் தடவினார். "ஓரத்துல கொஞ்சம் புகை மாதிரி. வயசாகுதில்ல."

"வயசில்ல அது. இந்த வாரம் டகுபன் டாக்டர்கிட்டப் போறீங்க. அங்க என்ன எழுதிக் கொடுக்கறாரோ அதை ரெண்டு கண்ணுலயும் போடறீங்க. இல்லேன்னா அந்த ஒத்தைக் கண்ணு இமைப் படம் குடும்பக் குழுவுல வரும். ஹவாய்ல இருக்கிற சொந்தக்காரங்க வரைக்கும் பாப்பாங்க."

"படம் ஏது?" என்றார் டியோ.

"என்கிட்ட இருக்கு ஆத்தே," என்றாள் ஜோவெல். "ரோஜாப்பூவோட."

டியோ ஃபௌஸ்தோ என்னை நீண்ட நேரம் பார்த்தார். "உன் மகளுக்குப் படிப்பு ரொம்ப அதிகமாயிடுச்சு மனாங்," என்று சொல்லிவிட்டு, "செவ்வாய்க்கிழமை போறேன்," என்றார். சேவலைத் தூக்கிக்கொண்டு திரையைவிட்டு நகர்ந்தார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தைப் பற்றி எனக்கு இன்னும் படிப்பு போதவில்லை.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூக்கைச் சிந்தினாள். புட்டிகளை எடுத்து மறுபடி சாக்ஸுக்குள் போட ஆரம்பித்தாள்.

"என்ன பண்றீங்க?"

"ஆகஸ்ட்ல ஜோவெல்லுக்குக் கல்யாணம்."

"அதுக்கு?"

"கல்யாணத்துல எல்லாரும் பொண்ணோட கண்ணைத்தான் பாப்பாங்க. நடுவுல நிறுத்தினா முடி உதிர்ந்துடாதா? தெரிஞ்சும் அனுப்பலேன்னா அவ என்ன நினைப்பா? அத்தை கஞ்சத்தனம் பண்ணிட்டான்னு. ஊரு என்ன நினைக்கும்?"

"உங்க கண்ணு?"

"அதுக்குத்தான் ஆபரேஷன் இருக்கே. எனக்கு என்ன குறைச்சல்? எல்லாம் நல்லாத் தெரியுது. இன்னைக்கு பிங்கோல எண்ணைக் கூப்பிடப்போறது யாரு? நான்தானே? ஒரு எண்ணாவது தப்பாச் சொல்லியிருக்கேனா? சாரிங், டேப்பைக் கொடு."

டீட்டா சாரிங் டேப்பைக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அதன் ஓரத்தைச் சுரண்டினார்.

"எர்மினியா," என்று அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "சர்ச் கூடத்துல நீ எண் கூப்பிடறப்ப இடது பக்கம் ஏன் யாரும் உக்காரறதில்ல, தெரியுமா?"

"ஏசி காத்து. நீதானே சொன்ன."

"காத்தெல்லாம் ஒண்ணுமில்ல."

அம்மா சாக்ஸைப் பிடித்தபடி நின்றாள்.

"பெரிய வியாழனுக்கு முந்தின வாரம் நான் இடது பக்கம் உக்காந்திருந்தேன். எனக்கு முழு அட்டையும் விழுந்துடுச்சு. பிங்கோன்னு கத்துறேன், கையை ஆட்டுறேன். நீ வலது பக்கம் பாத்து 'யாரு, யாரு'ன்னு கேக்கற. அந்த நேரத்துல ப்ரூதென்சியோ எழுந்து பரிசா வச்சிருந்த அரிசிக் குக்கரைத் தூக்கிட்டுப் போயிட்டான். அவனுக்கு ஒரு வரிசைகூட விழல."

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உன் மனசு கஷ்டப்படும்னு எல்லாரும் பேசிவச்சுக்கிட்டு வலது பக்கம் மாறிட்டோம். ஒவ்வொருத்தரா, உனக்குத் தெரியாம. இப்ப ஃபாதர்கூட வலது பக்கம்தான் உக்கார்றாரு. மேசைக்கு நாலு பேரு உக்கார்ற இடத்துல எட்டுப் பேரு. என் முழங்கை ப்ரூதென்சியோவோட சூப்புக்குள்ள இருக்கு. அந்தத் திருடனோட."

கூடத்தின் படம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்தக் கூடத்தில்தான் நான் போன மாதம் ஓரப் பார்வை பற்றிப் பேசினேன். எல்லோரும் வலது பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்து, இடது பக்கம் வெறுமையாகக் கிடக்க, என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒரு நோயை அவ்வளவு மரியாதையாக யாரும் மறைத்து நான் பார்த்ததில்லை.

அம்மா மெதுவாகத் தலையைத் திருப்பி இடது பக்கம் பார்த்தாள். சோபா, துண்டுகள், ஜன்னல். மறுபடி நேராகப் பார்த்தாள். திரும்பவும் இடது பக்கம். எது காணாமல் போகிறது என்று அவள் முதல் முறையாகத் தேடிப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"உங்களை யாரு மாறச் சொன்னா?" என்றாள் கடைசியில். கோபம்தான், ஆனால் கால் தடுக்கிய கோபம். "நான் தலையைத் திருப்பிப் பாத்துக்குவேன். இன்னைக்கே எல்லாரையும் இடது பக்கம் உக்காரவைக்கிறேன். ப்ரூதென்சியோவை முதல் மேசையில. இரு, அந்தப் பச்சைச் சட்டை எங்க?"

வாசலில் ஹாரன் அடித்தது. கப்பல் கம்பெனி ஆள். அம்மா அவசரமாகச் சாக்ஸை ஜாடிக்குள் போட்டாள், டப்பாக்களைத் திரும்ப அடுக்கினாள், துண்டுகளைத் திணித்தாள். ஒருவர் திணிக்க ஒருவர் ஒட்ட, பெட்டி பழைய வடிவத்துக்கு வந்தது. ஆள் அதைத் தள்ளுவண்டியில் சாய்த்து வெளியே கொண்டுபோனார். வண்டி தெருமுனை திரும்பும்வரை அம்மா கதவில் நின்றாள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவள்போல.

பிறகு திரும்பினாள். என் கையில் பால்பொடி ஜாடி இருந்தது.

"திருடி!"

"மருந்து உங்க பேர்ல இருக்கு. கண்ணும் உங்க பேர்லதான் இருக்கு. ஜோவெல்லுக்குக் கல்யாணத்துக்கு ஒட்டு இமை நானே வாங்கி அனுப்பறேன், பெட்டி நிறைய."

"கொடு அதை."

"நேத்து டாக்டருக்குப் போன் பண்ணினேன்."

அம்மாவின் முகம் வெளுத்தது. "என்ன சொன்ன?"

"நீங்க ஒரு சொட்டுகூடப் போடலேன்னு சொன்னேன். பரம்பரை எல்லாம் பொய்னு சொன்னேன். ஆபரேஷனைத் தள்ளி வச்சிருக்காங்க. ஆறு வாரம் ஒழுங்காப் போட்டுட்டு வரட்டும், அழுத்தம் இறங்குதான்னு பாப்போம், இறங்கலேன்னா அப்புறம் கத்தி எடுப்போம்னாங்க."

"லும்பியா கொடுத்தேன் அந்த டாக்டருக்கு! இனிமே எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போவேன்?"

"இமை வளந்த மூஞ்சியை."

சாரிங் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார். நான் போய்க் குழந்தை இயேசு சிலைக்குக் கீழே கொக்கியில் தொங்கிய அம்மாவின் கார்ச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அது என் வண்டி."

"இடது பக்கம் தெரியாதவங்க ஓட்ட வேண்டாம். இனிமே எங்க போகணும்னாலும் நான் கூட்டிட்டுப் போறேன். பூசைக்கு, பிங்கோவுக்கு, மீன் கடைக்கு. என் வண்டியில ஏறணும்னா கண்ணுக்கு ஒரு சொட்டு. தினமும் சாயங்காலம். அதுதான் டிக்கெட்."

"நான் நடந்து போறேன்."

"ஆறு மணிக்கு பிங்கோ. நடங்க. ரோடு இடது பக்கம் இருக்கு."

"சாரிங் கூட்டிட்டுப் போவா."

"என் வண்டி ரிப்பேர்," என்றார் டீட்டா சாரிங்.

"காலையில நல்லாத்தானே ஓடுச்சு!"

"இப்பதான் கெட்டுப்போச்சு எர்மினியா. நான் என்ன பண்ண முடியும்?"

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னைப் பார்க்கத் தலையை நன்றாகத் திருப்ப வேண்டியிருந்தது. நான் அவளுக்கு இடது பக்கம் நின்றிருந்தேன். வேண்டுமென்றேதான் நின்றேன்.

"ஒரு நாள் போடுவேன்," என்றாள். "ரெண்டு நாள் போடுவேன். அப்புறம் நீ ஓக்லாண்டுக்குப் போயிடுவ. உன் ரூமுக்கு. அப்ப யாரு பாப்பா நான் போடறேனா இல்லையான்னு?" அவள் கண்ணில் பழைய குறும்பு திரும்பியிருந்தது. மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்த கிழவர்களின் குறும்பு.

நான் ஜாடியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து முத்திரையை உடைத்தேன். பெட்டி நின்ற இடத்தில் கம்பளத்தில் சதுரமாகப் பள்ளம் விழுந்திருந்தது. அதன் நடுவில் வைத்தேன். ஜாடியை டீட்டா சாரிங்கின் மடியில் கொடுத்தேன். கதவைத் திறந்தேன்.

"எங்க போற? பேசிக்கிட்டிருக்கும்போதே?"

"என் பெட்டியை எடுத்துட்டு வர. வண்டிக்குள்ள இருக்கு. பெரிசு, நாலு டேப் போட்டிருக்கேன்."

"உன் பெட்டியா? எதுக்கு இங்க? அதுல என்ன இருக்கு?"

"நானாய்," என்றேன், "பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு கேக்கக்கூடாது."

ஓக்லாண்டு அறையின் சாவியை நேற்றுச் சாயங்காலமே வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டிருந்தேன். பின்னால் டீட்டா சாரிங் "அண்ணாந்து பாரு எர்மினியா, அண்ணாந்து" என்று அதட்டுவது கேட்டது. நான் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினேன்.